வேகவைத்த கூழாங்கற்கள்

ஆவியைத் திறந்துவிடும் அந்தச் சத்தத்தை பிலோமினா முதன்முதலில் கேட்டபோது அவளுக்குப் பத்தொன்பது வயது.

மிஷன் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறைக்குப் பின்னால், கத்திகளையும் கத்தரிகளையும் வேகவைக்கும் இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. வேலை முடிந்ததும் அதன் திருகைத் திறப்பார்கள். உஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம் வரும். பெரிய உடம்புக்காரர் ஒருவர் நாளெல்லாம் நின்றுவிட்டு உட்காரும்போது விடுகிற மூச்சைப் போல.

"இப்ப உள்ள உயிரோட ஒண்ணும் கிடையாது," என்றார் தலைமை நர்ஸ்.

அந்தச் சொல் பிலோமினாவுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நம்பியே முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்தாள். ஓய்வு பெற்றாள்.

அறுபத்தாறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேலப்பாளையத்தில் ஒரு மொட்டைமாடிக்குப் படியேறிப் போய், தன்னைவிட முப்பது வயது இளையவன் ஒருவன் முன்னால் மூச்சிரைக்க நின்றாள்.

"தம்பி, என் மீனெல்லாம் ஏன் சாவுது?"

உதுமான் திரும்பிப் பார்க்கவில்லை. கீரை பறித்துக்கொண்டிருந்தான். கீழே அவனுக்கு மோட்டார் கட்டும் பட்டறை. மேலே நீல டிரம்களில் மீன், டிரம்களுக்கு மேல் கூழாங்கல் நிரப்பிய தட்டுகள், தட்டுகளில் கீரை. மண் என்று ஒரு பிடி கிடையாது. மீன் வாங்கிய கடையில்தான் சொன்னார்கள், செத்தால் எங்களிடம் வராதீர்கள், உதுமானிடம் போங்கள் என்று.

"எத்தனை விட்டீய?" என்றான்.

"நாப்பது. ஜிலேபிக் குஞ்சு."

"தொட்டி எத்தனை லிட்டர்?"

"நானூறு."

"எப்ப விட்டீய?"

"தொட்டி வச்ச அன்னைக்கே."

"மிச்சம்?"

"பதினொண்ணு. காலையில எண்ணிச் சொன்னார்."

"ஆரு?"

"எங்க வீட்டுக்காரர்."

அவள் கணவர் சவரிராயன் பஸ் கண்டக்டராக இருந்தவர். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருபத்தொன்பது வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன் வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். ஆனால் பேசுவதையே விட்டுவிட்டார். சாப்பிடுவதையும் மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தார்.

மஸ்கட்டில் இருக்கும் மகன் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, அப்பாவின் ஜன்னலுக்கு வெளியே ஆறடிக் கண்ணாடித் தொட்டியும் மேலே கல் தட்டும் வைக்க ஏற்பாடு செய்தான். மீன் கழிவு கலந்த தண்ணீரைச் சின்ன மோட்டார் மேலே ஏற்றும். அது கல்லுக்குள் வடிந்து, கீரை வேரை நனைத்து, சுத்தமாகித் தொட்டிக்குத் திரும்பும். மீனால் கீரை, கீரையால் மீன். வீடியோவில் அப்படித்தான் இருந்தது.

சவரிராயன் தினமும் காலையில் படுத்தபடியே மீன்களை எண்ணினார். பயணிகளை எண்ணிய பழக்கம். அன்றைக்கு அவர் பேசும் பேச்சு அந்த எண் மட்டும்தான். எண் குறைந்த நாளில் அவர் தட்டில் சோறும் அந்த அளவுக்கு மிஞ்சியது.

செத்த மீனை அவர் கண்விழிக்கும் முன் எடுத்துவிடுவாள் பிலோமினா. கண்டக்டரிடம் எண்ணிக்கையை மறைக்க முடியுமா?

"புதுசா ஒண்ணும் விடாதீய," என்றான் உதுமான். "தீனியப் பாதியாக் குறைங்க. ஒரு வாரம் கழிச்சு ஒரு பாட்டில் தண்ணி கொண்டாங்க."

"எதனால சாவுதுன்னு கேட்டேனே தம்பி."

அவன் கையிலிருந்த கீரைக்கட்டை நீட்டினான். "வீட்டுக்காரருக்கு ஆக்கிப் போடுங்க."

"இதுக்கு நான் கீரைக்கடைக்குப் போயிருப்பேனே."

"போயிருக்கலாம்," என்றான்.



ஒரு வாரம் கழித்து பாட்டிலோடு வந்தாள். மீன் எட்டாகியிருந்தது.

"பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு. குடிக்கலாம்," என்றாள்.

உதுமான் அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றினான். ஒரு புட்டியிலிருந்து எட்டுச் சொட்டு, இன்னொன்றிலிருந்து எட்டுச் சொட்டு விட்டு மூடிக் குலுக்கினான். தண்ணீர் மெல்லப் பச்சையானது. வேப்பிலையின் அடர்பச்சை.

"அழகாத்தான் இருக்கு," என்றாள்.

"விசம்," என்றான். "மஞ்சளா இருந்தா மீன் பொழைக்கும்."

"எங்க காலத்துல மூத்திரத்துல சர்க்கரை பாப்போம். நீலம்னா வீட்டுக்குப் போ, செங்கல் நிறம்னா படு."

"இங்க பச்சைன்னா படு."

அவள் சிரிக்கவில்லை. "விசம் எங்கேயிருந்து வந்தது? நான் ஒரு துரும்பு விழ விடல."

"மீன் கழிவுதான் விசம்."

"அதத்தான் கீரை எடுத்துக்கும்னு சொன்னாங்க. எங்க கீரை வெளுத்துப்போய் நிக்குது. உரம் இவ்வளவு கிடக்கு, அதுக்குத் தெரியலையா?"

"அது இன்னும் அரிசிதான் சிஸ்டர். கீரைக்குச் சோறு வேணும்."

"நடுவுல யாரு ஆக்குறது?"

உதுமான் தன் தட்டு ஒன்றில் கைவிட்டு, கூழாங்கற்களை அள்ளி ஒரு வாளியில் போட்டான். கற்கள் பழுப்பேறி, தொட்டால் வழுக்கும்படி, குளத்தடி வாடையோடு இருந்தன. வாளியை அவள் முன்னால் வைத்தான்.

"இத உங்க தட்டுல கொட்டுங்க."

பிலோமினா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்டோவில் வாளியை வீடு கொண்டுசேர்த்தாள்.



அடுத்த வாரம் அவள் மாடிக்கு ஏறவில்லை. கீழே பட்டறை வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள்.

"நாலு! இன்னைக்கு நாலு! நேத்து ராத்திரிச் சாப்பாட்டை அவர் தொடவே இல்ல. உன் கல்லு ஒண்ணும் செய்யல, தெரியுமா?"

உதுமான் செப்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். "கொட்டுனீயளா?"

"கொட்டினேன்."

"அப்படியேவா?"

"அப்படியே யாராவது கொட்டுவாங்களா? அந்த அழுக்கை? பிரஷ் போட்டுத் தேச்சு, ஃபினாயில்ல ஊற வச்சு, நல்ல தண்ணியில அலசி, இருபது நிமிசம் கொதிக்க வச்சு, அப்புறம்தான் கொட்டினேன். என் தட்டுல இருந்த கல்லையும் சேத்து. வாரா வாரம் செய்யறதுதானே."

கம்பி சுற்றும் கை நின்றது.

கழுவலாமா என்று அவள் அவனிடம் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பல் தேய்க்க யாராவது அனுமதி கேட்பார்களா?

"சமையக்காரன வேகவச்சுட்டீயளே சிஸ்டர்," என்றான் உதுமான்.

"என்ன?"

"அந்த வழுக்கல்தான் சமையக்காரன். கண்ணுக்குத் தெரியாத உசுரு, கோடிக்கணக்குல. கல்லு மேலதான் அதுக்குக் குடித்தனம். மீன் கழிவ அதுதான் கீரைக்குச் சோறாக்கும்."

கிருமிகள். முப்பத்தேழு வருஷம் அவள் வேகவைத்த கூட்டம்.

"அதை நீ முதல்லயே சொல்லியிருக்கணும்," என்றாள்.

"கழுவாதீயன்னு ஒருத்தர்ட்ட சொல்லணும்னு எனக்குத் தோணல."

அவன் கடைசிச் சுற்றைச் சுற்றி முடித்துவிட்டு எழுந்தான்.

"நானே கொண்டாறேன்," என்றான்.



மறுநாள் பைக்கில் ஈரச்சாக்கைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தான் உதுமான்.

வாசல் கேட்டுக்கு உள்ளே ஒரு பேசின். அதில் ஃபினாயில் தண்ணீர்.

"காலை இதுல வச்சு எடு. அப்புறம் அந்தக் குழாயில, முழங்கை வரைக்கும், சோப்புப் போட்டு."

"ஆபரேசனுக்கா கூட்டிட்டுப் போறீய?"

"பேசாம கழுவு."

கழுவினான். சோப்புப் போக அலசவும் செய்தான். பக்கத்துச் சந்து வழியாகத் தொட்டிக்குப் போனார்கள். கண்ணாடி பளபளத்தது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. நான்கு மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. தட்டில் கற்கள் வெள்ளைவெளேரென்று, சோழிகள் போல.

தொட்டிக்குப் பின்னால் கொசுவலை அடித்த ஜன்னல். வலைக்கு அப்பால் ஒரு கட்டில். இழுத்துவிட்ட சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பில் ஒரு முகம்.

உதுமான் சாக்கை அவிழ்த்துத் தட்டில் கொட்டினான். பழுப்புக் கற்கள் வெள்ளைக் கற்களின் மேல் சரிந்தன. அவற்றோடு மிளகளவு நத்தை ஒன்றும் விழுந்து, கொம்பை நீட்டி நகர ஆரம்பித்தது.

"ஐயோ, நத்தை!" என்றாள் பிலோமினா.

"டிக்கெட் எடுக்காம ஏறியிருக்கு," என்றது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

பிலோமினா அப்படியே நின்றுவிட்டாள். எண்களைத் தவிர அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது.

"ஆரு அது?" என்றார் சவரிராயன்.

"உதுமான், அண்ணாச்சி. மோட்டார் கட்டுதவன்."

"எங்க ஏறுன?"

"மேலப்பாளையத்துல."

"படியில நிக்காத. உள்ள வா."

உதுமான் அவளைப் பார்த்தான்.

"வேண்டாம்," என்றாள் அவள், மெதுவாக. "உள்ள யாரையும் விடறதில்ல."

போன வருஷம்வரை விட்டுக்கொண்டிருந்தாள். சவரிராயனோடு ஒரே வண்டியில் பதினாறு வருஷம் ஓடிய டிரைவர் உலகநாதன் வாரம் தவறாமல் வருவார். ஒரு நாள் இருமிக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் சவரிராயனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு. அது உலகநாதன் கொடுத்த சளிதானா என்பதை யாரும் நிரூபிக்கவில்லை. அன்றிலிருந்து கேட்டுக்கு உள்ளே பேசின் வந்தது. உலகநாதன் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக்கு வெளியே நின்று, "எப்படி இருக்கான்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார். யாரையும் உள்ளே விடாதே என்று டாக்டர் சொன்னாரா? இல்லை. அவளாகச் செய்தது.

"அடுத்த வண்டியில வாறேன் அண்ணாச்சி," என்றான் உதுமான்.

புறப்படும்போது சொட்டுப் புட்டிகளையும் கண்ணாடிக் குழாயையும் அவள் கையில் கொடுத்தான். "நாப்பது நாள். ரெண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி. பச்சை கூடுனா கால் தொட்டித் தண்ணிய மாத்துங்க, ஒரு நாள் முன்னாலயே பிடிச்சு வச்ச தண்ணி. கல்லத் தொடாதீய."

"நான் வேற என்ன செய்யணும்?"

"தொடாம இருக்கணும்."

"அது ஒரு வேலையா?"

"உங்களுக்கு அதுதான் பெரிய வேலை சிஸ்டர்."



பெரிய வேலையாகத்தான் இருந்தது.

வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாக மங்கின. விரல் வைத்தால் வழுக்கும் என்று பார்வையிலேயே தெரிந்தது. நத்தை முட்டையிட்டுப் பெருகியது. காலையில் குழாயில் சொட்டு விட்டாள், பச்சை. மறுநாளும் பச்சை. துணியைக் கையில் எடுத்துக்கொண்டு தட்டு வரை போவாள், தொட்டிக் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுத் திரும்புவாள்.

ஒன்பதாம் நாள் காலை சவரிராயன், "மூணு," என்றார். இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு, வலப்பக்கமாகத் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் பிலோமினா பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். அது தளதளவென்று கொதிக்கும் சத்தமே அவளுக்குப் பாதி தைரியம் கொடுத்தது. ஒரு குவளையில் மொண்டு, துணியால் பிடித்துக்கொண்டு, சந்து வழியாகப் போய்த் தட்டின் முன்னால் நின்றாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது.

"பிலோ."

ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவர் எப்போது இந்தப் பக்கம் புரண்டார்?

"இன்னும் மூணு பேரு உள்ள இருக்காங்க," என்றார் சவரிராயன்.

குவளை கனத்தது. அவள் அதைச் சாக்கடையில் ஊற்றினாள். உள்ளே வந்து, அண்டாவில் மிஞ்சியதையும் ஊற்றினாள். பிறகு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுகை மீனுக்காக இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பதினெட்டாம் நாள் பச்சை இளைத்தது. இருபத்தாறாம் நாள் தளிர்ப் பச்சை. கீரையின் நுனியில் புது இலை விட்டது; கருகருவென்று, உள்ளங்கை அகலத்துக்கு. முப்பத்து நான்காம் நாள் குழாயில் எலுமிச்சைச் சாறு மாதிரி ஒரு நிறம். அதை மஞ்சள் என்று சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று எண்ணிக்கொண்டாள்.

தினமும் காலையில் ஜன்னலுக்குள்ளிருந்து "மூணு" என்று கேட்டது. குறையவில்லை.



நாற்பதாம் நாள் உதுமான் வந்தான். பேசினில் காலை வைத்தான். கையைக் கழுவினான். குழாயில் சொட்டு விட்டுக் குலுக்கி வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

மஞ்சள்.

"இப்ப எத்தனை மீன் விடலாம்?" என்று கேட்டாள் பிலோமினா.

"ஏழு. ரெண்டு மாசம் கழிச்சு இன்னும் ஏழு. கீரையையும் இன்னொரு வரிசை நடுங்க."

"நாப்பதுக்கு எப்ப?"

"நாப்பதுக்கு வேற தொட்டி."

அவள் தலையசைத்தாள். தட்டில் கையூன்றியபடி நின்றாள். கை வழுக்கல்மேல் இருப்பதை அவள் கவனிக்கவில்லை. ஜன்னலுக்குள் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வைக்குக் கீழே ஆள் இருக்கிற மேடு தெரியாத அளவுக்கு இளைத்திருந்தார்.

"தம்பி," என்றாள். "மீன் சாகிறது நின்னுபோச்சு. கீரை வந்துட்டு. அந்தக் கீரையைத்தான் மசிச்சுக் கொடுக்கேன். ரெண்டு வாய். அதுக்கு மேல வேண்டாங்கார். மீன் சாவு நின்னா இவரும் தேறிடுவார்னு நினைச்சேன். தேறல. நேத்து தூக்கி உக்கார வச்சேன், தலையணை மாதிரி இருக்கார். டாக்டர் வியாதி ஒண்ணும் இல்லன்னு சொல்லுதார்."

உதுமான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு தூசி இல்லாம வச்சிருக்கேன். ஈ எறும்பு அண்டல. ரெண்டு வேளை விரிப்பு மாத்துறேன். இந்த ஊர்ல அதைவிடச் சுத்தமான அறை கிடையாது. அப்புறம் ஏன் தம்பி?"

உதுமான் தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்தான். கட்டைவிரலால் அதை ஒரு முறை தடவினான். திரும்ப வைத்தான்.

"உள்ள இருந்த கல்லையும் கழுவிட்டீயளா சிஸ்டர்?"

புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அவள் முகம் சிவந்தது.

"அவர் மீன் இல்ல, மனுசர். பன்னிரண்டு நாள் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு மூச்சா எண்ணினவ நான். நீ இல்ல."

"சரி," என்றான் உதுமான்.

"உனக்கு என்ன தெரியும்? திரும்ப அந்தக் காய்ச்சல் வந்தா? நீ வருவியா?"

"வருவேன்."

"வந்து?"

"வந்து என்ன செய்ய? உக்காந்திருப்பேன்."

அவன் காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்து, வெளியே போய், அவள் எப்போதும் போடுகிற மாதிரியே தாழ்ப்பாளை மூடிவிட்டுத்தான் பைக்கில் ஏறினான்.



ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மணி அடித்த பிறகு, உலகநாதன் வந்தார். வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கான்?"

"அப்படியேதான் இருக்கார் அண்ணே."

"சரிம்மா." சைக்கிளைத் திருப்பினார்.

பிலோமினா தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"இருமல் இருக்கா அண்ணே?"

உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "வயசாச்சு தாயி. காலையில கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்."

ஜன்னல் பக்கமிருந்து தண்ணீர் கற்களுக்குள் வடிந்து தொட்டியில் விழுவது கேட்டது.

கேட்டைத் திறந்தாள்.

உலகநாதன் செருப்பைக் கழற்றி, இத்தனை நாள் வெளியே நின்று பார்த்த பேசினைத் தேடினார். பேசின் அங்கே இல்லை. அவர் அவளைப் பார்த்தார்.

"முகத்துல துண்டைக் கட்டிக்கிட்டு உள்ள போங்க," என்றாள் பிலோமினா. "எழுப்புங்க. தூங்கினது போதும்."

அதற்குப் பிறகு சவரிராயன் மூன்று வருஷமும் ஐந்து மாதமும் இருந்தார். இடையில் நான்கு முறை சளி பிடித்தது. நான்கு முறையும் தேறினார். ஐந்தாவது முறை தேறவில்லை. அப்போது அந்த அறையில் ஏழு பேர் இருந்தார்கள்.